அம்மம்மாவின் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

கோண்டாவில் தூரிகை:
வணக்கம். ஒரு படம் பற்றிக் கதைக்க வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாலு மாதமாக ஒரு படம் கீறினேன். மூன்றடிக்கு இரண்டடி கன்வஸ், அக்ரிலிக். அம்மம்மா குசினி நிலத்தில் இருக்கிறார், முன்னால் ஜாம் போத்தல் விளக்கு, அதற்கு அந்தப் பக்கம் நான், ஏழு வயது, கொப்பியை மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். 90களில், யுத்த நேரம், இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் மாட்டின ஒரு மெல்லிய திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. ஒரு சின்னவிரல் நகம் அளவுதான் இருக்கும். இரண்டு முழத்துக்கு அப்பால் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் வாசிக்க முடியாது.

அதை அப்படியே கீற நினைத்தேன். கன்வஸில் முக்கால்வாசி இருட்டு. அம்மம்மாவின் முகத்தில் கன்னத்து எலும்பும் மூக்குத்தியும் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டோடு போய்விடும்.

போன மாதம் ஒரு குழுக் கண்காட்சியில் வைத்தேன். வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்று, "ஒன்றும் தெரியவில்லையே" என்று அடுத்த படத்துக்குப் போனார்கள். ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர், "அம்மம்மாவின் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்திருந்தால் படம் விலைப்பட்டிருக்கும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அது மனதில் கிடந்து அரித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து முகத்தில் வெளிச்சத்தை ஏற்றினேன். இப்போது முகம் நன்றாகத் தெரிகிறது, சுருக்கங்கள் கூடத் தெரிகின்றன. ஆனால் அது எங்கள் வீடு இல்லை. எங்கேயோ ஒரு ஸ்ரூடியோவில் ரியூப் லைற்றுக்குக் கீழே ஒரு கிழவி இருக்கிற மாதிரி இருக்கிறது.

எவ்வளவு இருட்டை விடலாம்? இருட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கிறவருக்கு எப்படி விளங்கப்பண்ணுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உயர்தரச் சித்திரம்:
அண்ணா, நான் இந்த வருடம் சித்திரம் பாடத்தோடு சோதனை எடுக்கிறேன். எங்கள் நோட்ஸில் கியாரோஸ்கூரோ என்று வருகிறது, வெளிச்சத்தையும் இருட்டையும் எதிரெதிராக வைத்துக் கீறுகிற முறை. இத்தாலியச் சொல், கியாரோ என்றால் வெளிச்சம், ஸ்கூரோ என்றால் இருட்டு. ஒளி அறிவையும் கடவுளையும் குறிக்கும், இருள் அறியாமையையும் பாவத்தையும் குறிக்கும். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'புனித மத்தேயு அழைக்கப்படுதல்' அதற்கு உதாரணம், வரி வாங்குகிற மத்தேயுவை இயேசு தன் சீடனாகக் கூப்பிடுகிற காட்சி. 1599-1600, ரோம். அப்படிப் பார்த்தால் உங்கள் படத்தில் முக்கால்வாசி இருட்டு என்றால் அது சோகமான படம், முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தால் நம்பிக்கை வரும். அதைத்தான் அவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கரிக்கோடு:
பிள்ளை, நோட்ஸைக் கொஞ்சநேரம் மூடி வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார். போனில் பெரிதாக்கிப் பார். நான் 31 வருடம் சித்திரம் படிப்பித்தவன், இதே வரியை நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

வெளிச்சம் நன்மை, இருட்டு தீமை என்றால் அந்தப் படத்தில் யார் வெளிச்சத்தில் இருக்க வேண்டும்? இயேசு. அவர் எங்கே நிற்கிறார்? வலப்பக்கத்து ஓரத்தில், இருட்டில். முகத்தின் ஒரு பக்கமும் நீட்டிய கையும்தான் தெரியும், உடம்பின் பெரும்பகுதியை முன்னால் நிற்கிற பேதுரு மறைக்கிறார். வெளிச்சம் விழுவது மேசையைச் சுற்றிக் காசு எண்ணிக்கொண்டிருக்கிற வரிக்காரர்களில். சுவரில் ஒரு யன்னல் இருக்கிறது, அதில் இருந்து ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. வெளிச்சம் வருவது சட்டகத்துக்கு வெளியே, இயேசு நிற்கிற பக்கத்தில் இருந்து, அவருடைய தலைக்கு மேலால். வெளிச்சமும் கையும் ஒரே திசையில் போகின்றன. அதாவது அங்கே வெளிச்சம் 'இவன் நல்லவன்' என்று சொல்லவில்லை, 'நீ வா' என்று கூப்பிடுகிறது. மேசையின் இடது கோடியில் ஒரு இளைஞன் குனிந்து காசைத்தான் பார்க்கிறான். அவனிலும் அதே வெளிச்சம் விழுகிறது. நிமிரவில்லை.

இதைச் சோதனையில் எழுது, ஒருவரும் புள்ளி குறைக்கமாட்டார்கள்.

தூரிகைத் தம்பி, உனக்குப் பிறகு எழுதுகிறேன். மாற்ற முன் எடுத்த படம் இருந்தால் இங்கே போடு.

உயர்தரச் சித்திரம்:
பார்த்தேன் சேர். கடைசிப் பெடியன் நிமிரவே இல்லை. இவ்வளவு நாளும் இதைக் கவனிக்கவில்லை.

கடல்தாண்டி:
நான் சாவகச்சேரி, இப்போது மால்ட்டாவில் ஒரு ஹொட்டேலில் வேலை. ஓவியம் கீறத் தெரியாது, ஆனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

இங்கே வலெட்டாவில் புனித யோவான் பேராலயத்தில் கரவாஜ்ஜோவின் ஒரு படம் இருக்கிறது, யோவானின் தலையை வெட்டுகிற படம், 1608. அவர் 1606இல் ரோமில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டு ஓடி, சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தவர். முதல் லீவு நாளில் சும்மா பொழுதுபோக்குக்காகத்தான் போனேன். ஐந்து மீற்றருக்கு மேல் அகலம். போய் நின்றவுடன் எனக்குத் தெரிந்தது ஒரு சுவர். வெறும் மண்நிறச் சுவர். ஆட்கள் எல்லோரும் இடப்பக்கத்துக் கீழ் மூலையில் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள், வலப்பக்கத்தில் கம்பிக்குப் பின்னால் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள், மிச்சமெல்லாம் இருட்டுப் பிடித்த சுவர்தான். இவ்வளவு பெரிய துணியில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லையே என்று நினைத்தேன். சேர் சொன்ன அந்தக் காசு பார்க்கிற இளைஞனுக்குத் தெரியாதது போல எனக்கும் தெரியவில்லை.

பிறகு வாங்கில் இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவர் என்னை அமத்தத் தொடங்கியது. கீழே நடக்கிறதை அந்தச் சுவர் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் செய்யவில்லை. வெட்டுகிறவன் மற்றக் கத்தியை முதுகுப்பக்கம் இருந்து எடுக்கிறான், வேலை இன்னும் முடியவில்லை. ஒரு கிழவி மட்டும் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறா. வேறு ஒருவரும் அழவில்லை. நிலத்தில் கிடக்கிற இரத்தத்தில்தான் கரவாஜ்ஜோ தன் பெயரை எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்து வைத்த படம் அது ஒன்றுதான் என்று அங்கே சொல்கிறார்கள்.

அந்தச் சுவரைச் சின்னதாக்கி ஆட்களைப் பெரிதாக்கியிருந்தால் அது வெறும் வெட்டுக்கொத்துப் படமாகப் போயிருக்கும். ஆகவே அண்ணா, உங்கள் முக்கால்வாசி இருட்டை எடுக்க வேண்டாம் என்பதுதான் என் வாக்கு.

கோண்டாவில் தூரிகை:
நன்றி தம்பி. வாசிக்க உடம்பு புல்லரிக்குது. ஆனால் அங்கே நீங்கள் வாங்கில் இருந்து பார்த்தீர்கள். இங்கே ஒரு நிமிடம்தானே நிற்கிறார்கள்.

சேர், மாற்ற முன் போனால் எடுத்த படம் கீழே போட்டிருக்கிறேன். மாற்றின பிறகு எடுத்ததும் இருக்கிறது.

நிழற்பெட்டி:
ஒரு கேள்வி. கண்காட்சியில் படம் எங்கே மாட்டியிருந்தது? எதிர்ப்பக்கம் யன்னலோ கதவோ இருந்ததா?

கோண்டாவில் தூரிகை:
மண்டபத்தின் பெரிய கதவுக்கு நேரே எதிர்ச்சுவரில். ஏன்?

நிழற்பெட்டி:
அதுதான் நினைத்தேன். நான் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்ட கறுப்பு வெள்ளைப் படங்களோடு மாரடிக்கிறது என் தொழில். நீங்கள் மேலே பளபளக்கிற வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள், போட்டோவிலேயே தெரிகிறது. வெளிர் நிறப் படத்துக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இருண்ட படத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் என்றால் அது கண்ணாடி மாதிரித்தான். எதிரில் கதவு இருந்தால் வந்த ஆட்கள் பார்த்தது அம்மம்மாவை அல்ல, வெளியே நின்ற மோட்டார் சைக்கிள்களையும் தங்களுடைய சட்டையையும். 'ஒன்றும் தெரியவில்லை' என்றது பொய்யில்லை, ஆனால் பிழை படத்திலும் இல்லை. மங்கல் வார்னிஷ் அடியுங்கோ, கதவுக்குப் பக்கவாட்டாக மாட்டுங்கோ, மேலே இருந்து சாய்வாக ஒரு சின்ன மஞ்சள் பல்ப் போடுங்கோ. முதலில் அதைச் செய்து பார்த்திருக்கலாம், பிறகு முகத்தைத் தொட்டிருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் போட்ட போன் படத்தை நம்ப வேண்டாம். இப்போதைய போன்கள் இருட்டைக் கண்டால் தாங்களாகவே தூக்கி வெளிச்சமாக்கிவிடும். நிழலில் நிற்கிறவனும் வெயிலில் நிற்கிறவனும் ஒரே அளவாகத் தெரியவேண்டும் என்றுதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வருகிற கல்யாண வீட்டுக்காரர் எல்லோரும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள், "அண்ணை, நிழல் விழாமல் எடுங்கோ". முகத்தில் நிழல் இல்லாவிட்டால் மூக்கும் இல்லை என்று சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. கண் பழகிவிட்டது. உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்றவர்களுடைய கண்ணும் அப்படிப் பழகின கண்தான், அதையும் யோசியுங்கோ.

வாணி வடமராட்சி:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் வெளிச்சம் நம்பிக்கை, இருட்டு சோகம் என்ற இடத்தில் இருந்துதான் கதையைத் தொடங்குகிறீர்கள், சேர் அதை மறுத்ததும் அந்த இடத்தில் நின்றுதான். எங்கள் வீட்டில் அப்படி இருக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. இரவில் பொம்பர் விமானத்தின் சத்தம் தூரத்தில் கேட்டால் அம்மா முதலில் செய்வது எங்களைக் கூப்பிடுவது இல்லை, விளக்கை ஊதுவது. ஊதிவிட்டுத்தான் கூப்பிடுவா. பங்கருக்குள், அதுதான் பதுங்குகுழிக்குள், இருட்டில் ஒருவர் மடியில் ஒருவர் இருப்போம், அந்த இருட்டில் எனக்குப் பயம் இருக்கவில்லை, சத்தத்துக்குத்தான் பயம். இருட்டு எங்களை மூடி வைத்திருந்தது. பயம் எப்போது வரும் என்றால் வானத்தில் பரா லைற் போடுவார்கள், பரசூட்டில் தொங்குகிற வெளிச்சக்குண்டு, வெள்ளையாக, மெதுவாக இறங்கும், முற்றம் முழுக்கப் பகல் மாதிரி ஆகிவிடும், கிணற்றடி தெரியும், வாழைமரத்து இலைக் கிழிசல் தெரியும், எங்களையும் தெரியும் என்று நினைப்போம். அந்த வெளிச்சத்தைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அதற்குப் பிறகு காணவில்லை. சத்தம் இல்லாத இரவுகளிலும் படிக்கிற விளக்குக்கு யன்னல் பக்கமாக ஒரு மட்டைத்துண்டு நிறுத்தி வைத்திருப்பா அம்மா.

அதனால் அண்ணா, உங்கள் மாற்றின படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. உங்கள் அம்மம்மாவின் முகத்தில் இவ்வளவு வெளிச்சம், பின்னால் கதவும் திறந்திருக்கிறது. வெளியே தெரியப்போகுது என்று நினைத்தேன். உண்மையாகவே அதுதான் முதலில் வந்த நினைப்பு.

கரிக்கோடு:
பிள்ளை வாணி, இதை எழுதினதற்கு நன்றி. நான் எழுத வைத்திருந்ததை அழித்துவிட்டு வேறு எழுதுகிறேன்.

நீ சொன்னதை ஸ்பானிய ஓவியர் கோயா கீறியிருக்கிறார். '1808 மே 3' என்ற படம், கீறியது 1814இல், மட்ரிட் பிராடோ காட்சியகத்தில் இருக்கிறது. நெப்போலியனின் படைகள் மட்ரிட் சனங்களைப் பிடித்துக் கொண்டுபோய் இரவில் சுடுகிற காட்சி. வானம் கன்னங்கரேல். நடுவில் நிலத்தில் ஒரு பெரிய பெட்டி விளக்கு. அதன் வெளிச்சம் முழுவதும் வெள்ளைச் சட்டையோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிற ஒரு ஆளில் விழுகிறது. படத்தில் ஆக வெளிச்சமான இடம் அந்தச் சட்டைதான். பலபேர் இதைப் பார்த்து, அவன் தியாகி, அதனால் வெளிச்சம் என்று சொல்வார்கள். உள்ளங்கையில் காயத்தழும்பு மாதிரி ஒன்று இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்வதற்கும் இடம் இருக்கிறதுதான். ஆனால் அந்த விளக்கு யாருடையது? சுடுகிறவர்களின் காலடியில் இருக்கிறது. குறி தெரியவேண்டும் என்று வைத்த விளக்கு. முகம் தெரிகிறது எல்லாம் சாகிறவர்களுடையது, முகம் தெரியாமல் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர்கள் சுடுகிறவர்கள். அவர்கள் இருட்டில் பத்திரமாக நிற்கிறார்கள்.

அதே வெள்ளை, அதே கறுப்பு. மத்தேயுவில் கூப்பிடுகிறது, இங்கே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே தம்பி, 'எவ்வளவு இருட்டு' என்று நீ கேட்டதைவிட முதலில் கேட்கவேண்டியது, இந்த வெளிச்சம் யாருடைய கையில் இருக்கிறது, யாருக்குத் தெரியவேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்று. உன் படத்தில் அது யாருடைய விளக்கு? அம்மம்மா அதை யாருக்காகக் கொளுத்தினார்?

திண்ணைக்காரன்:
சேர் மன்னிக்கவேண்டும், வாணி அக்காவும் மன்னிக்கவேண்டும், நான் இதில் முழுக்க ஒத்துப்போகவில்லை. எங்கள் இருட்டு என்றாலே உடனே பங்கருக்குள்தான் போக வேண்டுமா? அதற்கு முதலும் எங்களுக்கு இருட்டு இருந்தது.

கோயிலை எடுங்கோ. மூலஸ்தானத்துக்கு யன்னல் இல்லை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழகப் பழகத் தூண் தெரியும், பிறகு திரை தெரியும். திரை விலகினாலும் தூண்டாமணி விளக்கின் ஒரு பொட்டு வெளிச்சம்தான். ஐயர் பஞ்சாரத்தி காட்டும்போது அந்தச் சுவாலை மேலே போகிற இடமெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும், ஒரேயடியாக ஒருக்காலும் தெரியாது. நல்லூரில் வேலின் விளிம்பில் சுவாலை பட்டு ஓடுகிற அந்த ஒரு கணத்துக்காகத்தானே சனம் எட்டி எட்டிப் பார்க்கிறது. உள்ளே நாலு ரியூப் லைற்றைப் போட்டால் எல்லாம் தெரியும், ஆனால் கையெடுத்துக் கும்பிட வருமா? அந்த இருட்டு ஒளித்து வைக்கிற இருட்டு இல்லை, பயத்து இருட்டும் இல்லை, பார்க்கிறவனைக் காத்திருக்கப் பண்ணுகிற இருட்டு.

அடுத்தது, இங்கே கதைக்கிறது எல்லாம் ஐரோப்பியப் படங்கள். எங்கள் பக்கத்துப் பழைய சித்திரங்களில் விளக்கும் நிழலும் இப்படி இல்லை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரத்தில் 'வர்த்தனா' என்று நிழலிடும் முறை மூன்று சொல்லியிருக்கிறது. பத்ரஜம், இலை நரம்பு மாதிரிக் கோடுகளால். ஐரிகம், மிக மெல்லிய தீற்றலால். பிந்துஜம், புள்ளிகளால். மூன்றும் உடம்பு உருண்டு திரண்டு தெரிவதற்காக. ஒரு பக்கத்தில் விளக்கு இருந்து மறுபக்கத்தில் நிழல் விழுகிற கதையே இல்லை. அஜந்தாவில் பாருங்கோ, மூக்கின் மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கன்னம் உருண்டு நிற்கும், ஆனால் நிலத்தில் நிழல் விழாது. வெளிச்சம் வெளியே எங்கேயும் இருந்து வரவில்லை, உடம்புக்குள் இருந்து வருகிறது. அதுவும் ஒரு கருத்துத்தானே. தூரிகை அண்ணா ஏன் அம்மம்மாவை அப்படிக் கீறக்கூடாது?

கரிக்கோடு:
நல்ல கேள்வி, மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. கோயில் இருட்டு பற்றி நீ சொன்னது சரி, அதை நான் நினைக்கவில்லை. வர்த்தனா பற்றியும் சரி. ஆனால் தம்பி கீற எடுத்தது ஒரு குறிப்பிட்ட விளக்கை, ஒரு குறிப்பிட்ட இரவில். அந்த விளக்குத்தான் விஷயம். உடம்புக்குள் இருந்து வெளிச்சம் வந்தால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது பொய்யாகிவிடும்.

எங்கள் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் இந்திய ஓவியர் ஹல்தாங்கரைப் பார். மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கிற படம், சேலை கட்டின ஒரு பெண் ஒரு கையில் விளக்கு, மற்றக் கையால் சுவாலையை மறைத்துக்கொண்டு நிற்பாள். 1940களில் தன் மகளை நிறுத்திக் கீறியது. ரவிவர்மா கீறியது என்று பலர் நினைப்பார்கள், அவருடையது இல்லை. அது நீர்வர்ணம். நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது நிறம் படாமல் விட்ட கடதாசிதான், பிறகு ஏற்ற முடியாது. எங்கே தொடக்கூடாது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். அந்த மறைக்கிற கையின் விரல் இடுக்கில் தெரிகிற சிவப்பை எடுத்துவிட்டால் படமே இல்லை.

கடல்தாண்டி:
சேர், கை என்றதும் ஞாபகம் வந்தது. பாரிஸில் லூவர் காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் து லா தூர் கீறிய தச்சன் யோசேப்பு படம் பார்த்தேன். கிழவர் குனிந்து மரத்தில் துளை போடுகிறார், சின்னப் பெடியன் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைச் சுவாலைக்கு முன்னால் வைத்திருக்கிறான். விரல்கள் வெளிச்சம் ஊடுருவிச் சிவந்து போயிருக்கின்றன, நகத்துக்குள் இருக்கிற ஊத்தை கூடத் தெரிகிறது. படத்துக்கு முன்னால் நின்ற எல்லோரும் பார்த்தது அந்தக் கையைத்தான்.

உயர்தரச் சித்திரம்:
சேர், டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' இரவு இல்லை என்று எங்கேயோ வாசித்தேன், உண்மையா?

கரிக்கோடு:
உண்மை. 1642இல் கீறினது, பகல் காட்சி. மேலே பூசின வார்னிஷ் வருடக்கணக்கில் கறுத்துப் போனதால் பிறகு வந்தவர்கள் இரவு என்று நினைத்து அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு கழுவி எடுத்தபோது வெளிச்சம் வந்தது. எங்கள் வீட்டுச் சாமியறையில் இருக்கிற லட்சுமி படமும் அப்படித்தான், ஐம்பது வருட விளக்குப் புகை. எல்லா இருட்டும் கீறினவன் வைத்த இருட்டு இல்லை.

சரி, தூரிகைத் தம்பிக்கு இப்போது வேலை சொல்கிறேன்.

உன் இரண்டு படத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நீயும் பார். கண்ணைச் சுருக்கினால் விவரமெல்லாம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். முதல் படத்தில் ஆக வெளிச்சமான புள்ளி சுவாலை, அடுத்தது கொப்பி, அடுத்தது மூக்குத்தி. இரண்டாவதில் அம்மம்மாவின் நெற்றி சுவாலையோடு போட்டி போடுகிறது. வெள்ளைப் பெயின்ற் எரியாது தம்பி, அது வெறும் வெள்ளைப் பெயின்ற். சுற்றியுள்ளது எல்லாம் தாழ்ந்து நின்றால்தான் அது எரிகிற மாதிரித் தெரியும். நீ முகத்தை ஏற்றினாய், விளக்கு அணைந்துபோனது. உனக்கு ரியூப் லைற் மாதிரிப் பட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் முதல் படத்திலும் குறை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இருட்டு செத்துக் கிடக்கிறது. ரியூப்பில் இருந்த கறுப்பை அப்படியே அப்பியிருக்கிறாய். சனம் நிற்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்பு ரியூப்பை மூடி வை. எரித்த அம்பர் என்கிற கடும் மண்நிறமும் அல்ட்ராமரீன் நீலமும் கல, அம்பர் கூடினால் சூடான இருட்டு, நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு. விளக்குக்குக் கிட்ட உள்ள இருட்டு சூடாக இருக்கட்டும், கதவுப்பக்கம் போகப் போகக் குளிரட்டும். மெல்லிசாகப் பூசு, காய்ந்த பிறகு திரும்பப் பூசு, ஐந்தாறு தரம். அக்ரிலிக் காய்ந்தால் இன்னும் ஒரு படி இருளும், அதற்கும் இடம் விட்டுப் பூசு. இருட்டு மெல்லிசு, வெளிச்சம் தடிப்பு. ரெம்பிராண்டின் பிற்காலப் படங்களில் வெளிச்சமான இடத்தில் பெயின்ற் மேடு தட்டி நிற்கும், இருட்டான இடத்தில் கீழே உள்ள பூச்சு தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கும். கரவாஜ்ஜோ சில இடங்களில் அடியில் பூசின மண்நிறத்தை மேலே ஒன்றும் பூசாமல் அப்படியே இருட்டாக விட்டிருக்கிறார்.

அம்மம்மாவின் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டை அழி. இரண்டும் ஒரே இருட்டு என்றால் இரண்டும் கலக்கட்டும், பார்க்கிறவன் கண் தானாகத் தோளைக் கீறிக்கொள்ளும். அப்படிக் கீறிக்கொள்ள நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் அவனை நிற்க வைக்கும்.

கன்வஸைத் தொட முன் ஒரு பயிற்சி செய். பெரிய கடதாசி ஒன்றை முழுக்கக் கரியால் கறுப்பாக்கு. பிறகு பாணின் உள்பக்கத்தைப் பிய்த்து, உருட்டி, அதால் அழித்து அழித்து வெளிச்சத்தை வெளியே எடு. அழிறப்பரைவிடப் பாண் மெதுவாக எடுக்கும், கடதாசியைக் கிழிக்காது, பழைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளைக் கடதாசியில் இருட்டைப் போடுகிறதுக்கும் இருட்டில் இருந்து வெளிச்சத்தை எடுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வீட்டில் நீ இருந்தது இருட்டில். அங்கே இருந்தே தொடங்கு.

கோண்டாவில் தூரிகை:
சேர், ஒரு கிழமை ஆகிவிட்டது, பதில் எழுதாததற்குக் குறை நினைக்க வேண்டாம். கரிப் படம் மூன்று செய்தேன். முதல் இரண்டிலும் பழக்கதோஷத்தில் முகத்தில்தான் பாண் போனது. மூன்றாவதில் வாணி அக்கா சொன்னதையும் நீங்கள் கேட்ட கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டு கொப்பியில் தொடங்கினேன். அம்மம்மா அந்த விளக்கைத் தனக்காகக் கொளுத்தவே இல்லை. சமைக்கிறது எல்லாம் பொழுதுபடமுன் முடித்துவிடுவார். எனக்குப் படிக்கத்தான் கொளுத்தினார். அப்படியென்றால் வெளிச்சம் என் பக்கம்தான் இருக்கவேண்டும், அவர் முகத்தில் இல்லை. இவ்வளவு நாளும் நான் அவரைத்தான் வெளிச்சத்தில் காட்டப் பாடுபட்டிருக்கிறேன்.

கதவுப்பக்கம் ஒரு கை வைத்தேன், சுவாலையை மறைத்தபடி. வெளியே வெளிச்சம் போகாமல். ஹல்தாங்கர், லா தூர் இருவரையும் பார்த்துவிட்டு விரல் ஓரங்களில் மட்டும் சிவப்பை விட்டேன். முகம் முந்தியதைவிட இருட்டு. கன்னத்தையும் விட்டுவிட்டேன், மூக்குத்தி மட்டும்தான்.

நேற்று அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கனநேரம் பார்த்தா. பிறகு, "கை பிழை. அம்மா இடக்கையால்தான் மறைக்கிறவ, வலக்கையில விசிறி, உனக்கு நுளம்பு கடிக்காமல் விசிறிக்கொண்டிருப்பா" என்றா. எனக்கு விசிறி ஞாபகமே இல்லை. நான் கொப்பியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாணி வடமராட்சி:
விசிறியைக் கட்டாயம் வையுங்கோ அண்ணா. இருட்டுக்குள் ஓரம் மட்டும் தெரிந்தால் காணும்.

கரிக்கோடு:
இடக்கைக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனி. கை சுவாலைக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் அதன் நிழல் பின்னால் பெரிதாக விழும், கதவு முழுக்க, கூரை வரைக்கும் போகும். உன் கரிப் படத்தில் கதவுப்பக்கத்தை வெறும் இருட்டாக விட்டிருக்கிறாய். அது வெறும் இருட்டு இல்லை, ஐந்து விரல் அங்கே இருக்கவேண்டும். கோடு போடாதே, நிழலுக்கு நடுவில் நீலத்தை ஒரு பூச்சுக் கூட்டு, விளிம்பில் அம்பரைக் கூட்டு, காணும்.

கோண்டாவில் தூரிகை:
சேர், இதை வாசித்துவிட்டு இரவு மெயின் சுவிட்சை நிறுத்தி ஒரு ஜாம் போத்தலில் திரி போட்டுக் கொளுத்திப் பார்த்தேன். மகள் கொப்பியோடு முன்னால் இருந்தாள். இடக்கையைக் கதவுப்பக்கம் வைத்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, கதவும் சுவரும் கூரை வளையும் எல்லாம் கையின் நிழல்தான். நான் நாலு மாதமாகக் கறுப்பு அப்பின அந்தப் பக்கம் முழுவதும் அம்மம்மாவின் கை.

நாளைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன்.